மூன்று கூட்டம் போட்டும் ஏன் எதுவும் மாறவில்லை? குடும்ப வன்முறைத் தடுப்பில் ஒருங்கிணைப்பு குறித்து ஒரு விரிவான பதில்

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது: ஒரு பகுதியில் மருத்துவமனை, காவல் நிலையம், பெண்களுக்கான காப்பகம், இரண்டு தன்னார்வக் குழுக்கள், ஒரு பள்ளி ஆகிய அனைத்தும் குடும்ப வன்முறை தொடர்பாகத் தனித்தனியே ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. எல்லோரையும் அழைத்து மூன்று கூட்டங்கள் நடத்தியாகிவிட்டது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், கலைந்தார்கள், பழையபடியே போகிறது. இவர்களை ஒருங்கிணைப்பது எப்படி, யார் தலைமை ஏற்பது, வன்முறை நிகழும் முன்பே அதைத் தடுக்க வழி உண்டா?

கூட்டத்திலிருந்து தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பும்போது இடையில் அவர் தொலைந்துபோகாமல் இருப்பதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். அதை ஒரு தீர்மானத்தால் கொண்டுவர முடியாது. யார், எந்த நேரத்தில், எந்தப் படிவத்தில், எந்தத் தொலைபேசி எண்ணில் என்கிற அளவுக்கு இறங்கி வந்து மாற்றினால்தான் மாறும்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துவிட வேண்டும். ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருப்பவரைக் காப்பது ஒன்று. அடி என்பதே நிகழாத சூழலை உண்டாக்குவது மற்றொன்று. அமெரிக்காவில் அலுவலகங்களை ஒருங்கிணைக்கும் திட்டம் செயல்பட்ட 10 பகுதிகளையும், அது இல்லாத 10 பகுதிகளையும் ஒப்பிட்டு 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இரண்டுக்குமிடையே வன்முறையின் அளவில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு எதையும் காணவில்லை. மூன்றாண்டு நடந்த இடங்களைவிட ஆறாண்டு நடந்த இடங்களில் மட்டும் நிலைமை சற்றுச் சிறப்பாக இருந்தது. இதைக் கண்டு சோர்ந்துபோக வேண்டியதில்லை. அலுவலகங்கள் ஒழுங்காக இயங்கினால் வந்தவர்களுக்கு உதவி கிடைக்கும். வராதவர்களின் வீட்டுக்குள் அந்த ஒழுங்கு தானாக எட்டிப்பார்க்காது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுக்கான கணக்குப்படி, எப்போதேனும் துணையுடன் வாழ்ந்த 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளாகியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் எந்த அலுவலகத்தின் படியையும் ஏறியதில்லை.

அலுவலகங்களை ஒருங்கிணைத்ததற்கு எல்லோரும் சுட்டிக்காட்டும் முன்மாதிரி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலுத் என்ற சிறு நகரம். 1981இல் அங்கே காவல் துறை, அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள், நீதிமன்றம், காப்பகம் ஆகியவை எழுத்துபூர்வமான நடைமுறைகளுக்கு உடன்பட்டன. வன்முறை நடந்ததற்கான முகாந்திரம் இருந்தால் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பது அவருடைய அன்றைய மனநிலைக்கு விடப்படவில்லை. அதைவிட முக்கியமாக, இந்த நடைமுறைகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிக்கும் பொறுப்பு, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் ஒரு வெளி அமைப்பிடம் இருந்தது. டுலுத்தைப் பின்பற்றிய பல ஊர்கள், அதிகாரத்தையும் கட்டுப்பாட்டையும் விளக்கும் அந்தப் புகழ்பெற்ற சக்கரப் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டன. கண்காணிக்கும் வெளி அமைப்பை மட்டும் விட்டுவிட்டன. டுலுத்தில் வன்முறை செய்த ஆண்களுக்காக நடத்தப்பட்ட மனமாற்ற வகுப்புகளின் பலன் குறித்து ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே டுலுத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வகுப்பை அல்ல, அந்த எழுத்துபூர்வ ஒப்பந்தத்தையும் கண்காணிப்பையும்தான் என்பது என் கருத்து.

டுலுத் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான எலன் பென்ஸ் பின்னாளில் இன்னொரு முறையை வளர்த்தார். ஊழியர்களைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, ஒரு வழக்கு அலுவலகங்களின் ஊடாக நகரும் பாதையைக் காகிதம் காகிதமாகப் பின்தொடர்ந்து, பாதுகாப்பு எந்த இடத்தில் நழுவுகிறது என்று தேடும் தணிக்கை அது. நான்காவது கூட்டத்துக்குப் பதிலாக இதைச் செய்து பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, மணிக்கட்டு முறிந்து ஒரு பெண் மருத்துவமனைக்கு வருகிறார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார். கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் அவரே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். செவிலியருக்குச் சந்தேகம் எழுகிறது. ஆனால் அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் பேச ஓர் அறை இல்லை. படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை. ‘தவறி விழுந்தார்’ என்று எழுதப்படுகிறது. மூன்று மாதம் கழித்து அதே பெண் காவல் நிலையத்துக்குப் போகும்போது முந்தைய காயத்துக்குச் சான்று கேட்கிறார்கள். கையில் இருக்கும் ஒரே காகிதம் அவர் தவறி விழுந்ததாகச் சொல்கிறது. அங்கிருந்து காப்பகத்தின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் அழைக்கும்போது காப்பகத்தில் அலுவலக நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் காப்பகத்திலிருந்து திருப்பி அழைக்கிறார்கள். தொலைபேசியை எடுப்பது கணவர்.

இந்த அலுவலகங்களில் யாரும் கெட்டவர் இல்லை, ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. ஆனாலும் மூன்று இடங்களில் அவர் கைவிடப்பட்டார். கடைசி இடத்தில் அவருடைய ஆபத்து கூடவும் செய்தது. இந்தப் பாதையை ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தன் கதையை முதலிலிருந்து எத்தனை முறை சொல்ல நேர்ந்தது, எத்தனை மணி நேரம் காத்திருந்தார், அடுத்தவருக்கு எந்தத் தகவல் போய்ச் சேர்ந்தது என்று குறித்தால், செய்ய வேண்டிய திருத்தங்கள் தாமாகவே கண்ணில் படும். அவை பெரும்பாலும் செலவில்லாதவை. நோயாளி யாராக இருந்தாலும் சில நிமிடம் உறவினர் இன்றித் தனியே பார்ப்பது என்பதைப் பொது விதியாக்கிவிட்டால், அந்தக் கணவருக்குச் சந்தேகம் வராது. காயத்தின் அளவு, இடம், நிறம் ஆகியவற்றையும் அந்தப் பெண் சொன்ன சொற்களையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதும் பழக்கம், பின்னாளில் வலுவான சான்றாக நிற்கும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு, வேறொருவர் எடுத்தால் என்ன சொல்லி வைப்பது என்ற மூன்று கேள்விகளை எல்லா அலுவலகங்களும் தங்கள் முதல் படிவத்திலேயே சேர்த்துவிட வேண்டும். துண்டுச் சீட்டு கொடுப்பதற்குப் பதிலாக, அவர் எதிரில் இருக்கும்போதே காப்பகத்தை அழைத்து அவர் கையில் தொலைபேசியைக் கொடுப்பது இன்னும் நல்லது.

இந்தக் கடைசிப் பழக்கம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2005 முதல், சம்பவ இடத்துக்குச் செல்லும் காவலர் பாதிக்கப்பட்டவரிடம் 11 கேள்விகள் கேட்கிறார். உங்கள்மீது ஆயுதத்தைப் பயன்படுத்தினாரா அல்லது காட்டி மிரட்டினாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, அவர் உங்களைக் கொல்லக்கூடும் என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்பவை முதல் மூன்று. இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் காவலர் அங்கிருந்தே உதவி எண்ணை அழைத்து, ஆலோசகரிடம் பேசும்படி அவரை ஊக்குவிக்கிறார். இம்முறையை ஓக்லஹோமா மாநிலத்தில் ஆராய்ந்தபோது, பின்னர் நிகழ்ந்த வன்முறையின் எண்ணிக்கையும் கடுமையும் குறைந்திருந்தன. உதவி நாடுவதும் கூடியிருந்தது. இதற்கு அடித்தளமாக இருந்தது, செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பெல் 1980களின் நடுப்பகுதியில் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுப் படிவம்.

அபாயத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒருங்கிணைப்பு உயிரைக் காப்பது இந்த இடத்தில்தான். 2023இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்ப உறுப்பினராலோ கொல்லப்பட்டதாக ஐ.நா. மதிப்பிடுகிறது. இத்தகைய கொலைகளில் பலவற்றுக்கு முன்னறிகுறிகள் இருந்திருக்கின்றன; அவை வெவ்வேறு அலுவலகங்களில் சிதறிக் கிடந்தன. அவற்றுள் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுவது கழுத்தை நெரிப்பது. வெளியே தழும்பு தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மியிருக்கும், விழுங்கும்போது வலிக்கும், கண்ணில் சிறு சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் முன்பு ஒருமுறை துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றொன்று பிரிவின் தருணம். ‘விட்டு வந்துவிட வேண்டியதுதானே’ என்று அக்கம்பக்கத்தார் எளிதாகச் சொல்லும் அந்தச் செயலைச் செய்யும் நாளும், அதைத் தொடரும் வாரங்களும்தான் பலருக்கு மிக ஆபத்தானவை. ஆகவே ஒரு பெண் வெளியேறத் தீர்மானிக்கிறார் என்றால், அன்றே எல்லா அலுவலகங்களும் விழித்துக்கொள்ள வேண்டும். வந்துவிட்டார், இனிப் பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பை மூடக்கூடாது.

இப்படி மிக அபாயகரமானவை என்று அறியப்படும் வழக்குகளுக்கு மட்டும் ஒரு கூட்டம் தேவைப்படுகிறது. 2003இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய முறை இதுதான். காவல் துறை, மருத்துவம், வீட்டுவசதி, குழந்தைகள் நலம், நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகிய துறைகளின் பிரதிநிதிகள் குறிப்பிட்ட இடைவெளியில் கூடுவார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சில நிமிடங்கள்தான். பேச்சுக்கு அங்கே இடமில்லை. உங்களுக்கு என்ன தெரியும், நீங்கள் எந்தத் தேதிக்குள் என்ன செய்வீர்கள் என்பதே கேள்வி. பாதிக்கப்பட்டவரோ வன்முறை செய்தவரோ கூட்டத்துக்கு வருவதில்லை. பாதிக்கப்பட்டவரின் குரலாக அவருக்கென்று நியமிக்கப்பட்ட சுயேச்சையான ஆலோசகர் அமர்கிறார். அந்த நாற்காலி காலியாக இருக்கும் கூட்டம், ஒரு பெண்ணைப் பற்றி மற்றவர்கள் கூடிப் பேசும் இடமாக மாறிவிடும் என்பதை மறக்கலாகாது.

தகவல் பகிர்வு என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவகை உற்சாகம் பிறந்து, எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து அங்கே பெயர், முகவரி, புகைப்படம் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். இதைப் போல ஆபத்தானது வேறில்லை. சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் அந்தக் கணவரின் நண்பராக இருப்பார். அவசரமாக உயிருக்கு ஆபத்து என்ற நிலையைத் தவிர, பாதிக்கப்பட்டவருடைய இசைவின்றி ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது. இசைவு பெறும்போதும் யாரிடம், எதை, எதற்காகச் சொல்லப்போகிறோம் என்று விளக்கிப் பெற வேண்டும். காப்பகத்தின் ஆலோசகரிடம் அவர் நம்பிச் சொன்னது அத்தனையும் காவலருக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. இவற்றை ஒரு பக்க ஒப்பந்தமாக எழுதி, ஒவ்வோர் அமைப்பின் பொறுப்பாளரும் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் வழக்கைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

உடன்பாடு எட்ட வேண்டிய இன்னொரு விஷயம் சமரசம். ‘உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிட்டோம்’ என்று பெருமையோடு சொல்லும் நல்லெண்ணம் கொண்டவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். அடிப்பவரும் அடிபடுபவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும்போது அடிபடுபவர் எப்படி உண்மையைச் சொல்வார்? சொன்னால் வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும்? வன்முறை உள்ள இடத்தில் கூட்டு ஆலோசனை இல்லை என்பதைப் பொது விதியாக ஏற்கச் செய்வது, நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகுதான் முடியும். ஆனால் அதைத் தவிர்க்க இயலாது. மறுபுறம், கைது ஒன்றே போதும் என்று நம்புவதும் சரியல்ல. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981–82இல் நடந்த புகழ்பெற்ற பரிசோதனை கைதால் மீண்டும் அடிப்பது குறைந்ததாகக் காட்டியது. வேறு நகரங்களில் அதைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, மில்வாக்கியில் வேலையற்றிருந்த ஆண்களிடையே அது எதிர்விளைவையே தந்தது. கைதுக்கு அடுத்த நாள் யார் அந்தப் பெண்ணை அழைக்கிறார்கள், அவரை நெருங்கவோ துன்புறுத்தவோ கூடாது என்ற நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை மீறப்பட்டால் எத்தனை மணி நேரத்தில் யார் போகிறார்கள் என்பவற்றோடு சேர்ந்தால்தான் கைதுக்குப் பொருள் உண்டு.

இனி, நிகழும் முன் தடுப்பது. இதற்கு அலுவலகங்கள் போதா. தெருவும் சந்தையும் வழிபாட்டு இடமும் தேவை. உகாண்டாவின் கம்பாலாவில் 2007க்கும் 2012க்கும் இடையே, 8 குடியிருப்புப் பகுதிகளில் சாசா என்ற திட்டம் சோதிக்கப்பட்டது. சுவாஹிலியில் அச்சொல்லுக்கு ‘இப்போது’ என்று பொருள். அங்கே மேடைப் பேச்சு இல்லை. அப்பகுதியில் வாழும் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, தங்கள் அண்டை அயலாரிடம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். பேச்சு வன்முறையிலோ சட்டத்திலோ தொடங்கவில்லை. அதிகாரம் என்றால் என்ன, உன்மேல் யாராவது அதிகாரம் செலுத்தியபோது எப்படி இருந்தது என்று தொடங்கியது. குற்றம் சாட்டப்படுவதாக உணராத ஆண்கள் உரையாடலில் தங்கினார்கள். முடிவில், திட்டம் நடந்த பகுதிகளில் முந்தைய ஓராண்டில் துணையின் உடல் வன்முறைக்கு ஆளான பெண்களின் அளவு, மற்றப் பகுதிகளைவிட 52 விழுக்காடு குறைவாக இருந்தது. எட்டே பகுதிகள் என்பதால் புள்ளியியல் நோக்கில் இது உறுதியான முடிவல்ல. ஆனால் வன்முறையை ஏற்கும் மனப்பான்மை தெளிவாகவே சரிந்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஏழைப் பெண்களுக்கான சிறுகடன் குழுக்களோடு பாலினச் சமத்துவப் பயிற்சியை இணைத்த திட்டம், இரண்டே ஆண்டுகளில் துணைவரின் வன்முறையை ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததாக 2006இல் வெளியான ஆய்வு கூறியது. பள்ளியும் தன்னார்வக் குழுக்களும் கையில் இருக்கும்போது, ஒருநாள் பேரணிக்கும் பதாகைக்கும் செலவிடும் பணத்தை இத்தகைய நெடிய வேலைக்குத் திருப்புவதே அறிவுடைமை. மெழுகுவர்த்தி ஏற்றுவதால் யாரும் அடிப்பதை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அண்டை வீட்டார் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லிக்கொடுப்பது இந்த வேலையின் நடைமுறைப் பகுதி. ‘தலையிடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் அசையமாட்டார். 2008இல் இந்தியாவில் தொடங்கிய ‘பெல் பஜாவோ’ என்ற பரப்புரை, அழைப்பு மணியை அழுத்துங்கள் என்ற ஒற்றைச் செயலை மட்டுமே கேட்டது. சுவருக்கு அப்பால் சத்தம் கேட்கிறது; நீங்கள் போய்க் கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நியாயம் கேட்கவில்லை, யாரையும் கண்டிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் கை ஓங்கியவருக்கு, வெளியே காது இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. தனியாகப் போக வேண்டாம், ஆயுதம் இருப்பதாகத் தோன்றினால் போகவே வேண்டாம், காவல் துறையை அழையுங்கள் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணைத் தனியே பார்க்கும்போது, ‘சத்தம் கேட்டது, உங்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வரலாம்’ என்று சொன்னால் போதும். ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

தலைமை யாருக்கு என்ற கேள்விக்கு வருகிறேன். காவல் துறையிடம் கொடுத்தால் வழக்குப் பதியாதவர்கள் காணாமல் போவார்கள். மருத்துவமனையிடம் கொடுத்தால் காயம் இல்லாதவர்கள். அச்சுறுத்தல், பண முடக்கம், வெளியே விடாமல் அடைத்து வைத்தல் ஆகியவற்றுக்கு எக்ஸ்ரேயில் தடம் இருக்காது. எனவே பாதிக்கப்பட்டவர்களோடு நேரடியாக வேலை செய்யும் அமைப்பு, இங்கே காப்பகம், ஒருங்கிணைப்பின் மையமாக இருப்பது நல்லது. ஆனால் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் காப்பகத்தின் தலையில் இதையும் சும்மா சுமத்தக்கூடாது; சம்பளம் பெறும் ஒரு முழுநேர ஒருங்கிணைப்பாளர் வேண்டும், அந்தச் சம்பளத்தில் எல்லா அமைப்புகளும் பங்கேற்க வேண்டும். வன்முறையிலிருந்து மீண்டு வந்த பெண்கள் இருவரேனும் குழுவில் முடிவெடுக்கும் உறுப்பினர்களாக இருக்கட்டும். அவர்களுடைய நேரத்துக்கும் ஊதியம் கொடுங்கள். விழா மேடையில் ஏற்றித் தம் கதையைச் சொல்லவைப்பதை இதற்கு ஈடாகக் கொள்ளாதீர்கள்.

ஓராண்டு கழித்து எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். புகார்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வேலை நன்றாக நடந்தால் முதல் ஆண்டில் புகார்கள் கூடும். இதுவரை வாய் திறக்காதவர்கள் திறக்கிறார்கள் என்பதே அதன் பொருள். நிதி கொடுப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் திட்டம் தோற்றுவிட்டதென்று பணத்தை நிறுத்திவிடுவார்கள். முதல் அழைப்புக்கும் ஆலோசகர் நேரில் பேசியதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது, பாதிக்கப்பட்டவர் தன் கதையை எத்தனை பேரிடம் திரும்பச் சொன்னார், மீறப்பட்ட பாதுகாப்பு ஆணைகளில் எத்தனைக்கு அன்றே நடவடிக்கை எடுக்கப்பட்டது ஆகியவற்றை எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து, பாதுகாப்பான எண்ணில், பாதுகாப்பான நேரத்தில் அவரை அழைத்து, இப்போது முன்பைவிட அச்சம் குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தாளில் நீங்கள் வரைந்த பாதையை அப்போது மறுபடியும் வரைந்து, பழையதன் பக்கத்தில் மாட்டலாம்.